பஞ்சமி நிலமா என்று கண்டுபிடிப்பது எப்படி, மீட்க மனுப் போடுவது எப்படி

"அந்த பெட்ரோல் பங்க் இருக்கிற இடம் முழுக்க எங்க அப்பா உழுத நிலம்" என்று ஊரில் ஏதாவது ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டே இருப்பார். கேட்கிற பேரனுக்கு அதில் சந்தேகம் கிடையாது. ஆனால் தாலுகா ஆபீஸுக்குப் போய் எந்தக் காகிதத்தைக் கேட்பது என்று தெரியாது. அந்தப் பேரனுக்கும் பேத்திக்கும்தான் இந்தக் கட்டுரை. புறநகரில் மனை வாங்கப் போகிறவர்களும் முதல் பாதியைப் படிக்கலாம். தெரியாமல் பஞ்சமி நிலத்தில் வீடு கட்டிவிட்டு அப்புறம் அலைகிறவர்கள் நிறையப் பேர்.

முதலில் சுருக்கமாக வரலாறு. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஒரு அறிக்கை அனுப்பினார். தரிசு நிலம் கேட்டு அவர்கள் மனுப் போட்டாலும் மிராசுதார்கள் குறுக்கே நிற்கிறார்கள், குடியிருக்கும் மனைகூட மிராசுதார் தயவில்தான் இருக்கிறது என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30-இல் 1010, 1010-ஏ என்ற வருவாய்த் துறை அரசாணைகள் வந்தன. சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிபந்தனையோடு நிலம் ஒப்படைக்கும் வழி அப்படித்தான் திறந்தது. இப்படிக் கிடைத்த நிலத்தைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்க வேண்டும் என்பதில்லை. 'டிப்ரஸ்டு கிளாஸ்' என்பதன் சுருக்கமாக 'டி.சி.' என்றோ, 'டி.சி. கண்டிசன்' என்றோ, 'பஞ்சமர்' என்றோ இருக்கும். 1922-இல் ஆதி திராவிடர் என்ற பெயரை அரசு ஏற்ற பிறகு எழுதியவற்றில் 'ஆதி திராவிடர் கண்டிசன்' என்றும் பார்க்கலாம்.

நிபந்தனை இதுதான். முதல் 10 ஆண்டுகள் யாருக்கும் விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் எழுதவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகு கைமாற்றினாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குள்ளேதான் மாற்ற வேண்டும். மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது, அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், நஷ்டஈடும் கிடையாது.

இத்தனை தெளிவாக இருந்தும் ஏன் இவ்வளவு நிலம் போனது? பஞ்சத்தில் ஐந்துக்கும் பத்துக்கும் கைநாட்டு வாங்கியது ஒரு வழி. மிரட்டி விரட்டியது இன்னொன்று. சத்தமே இல்லாமல் நடந்தது மூன்றாவது. 1979-இல் தொடங்கி 1980-கள் வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது எல்லோரும் யு.டி.ஆர். என்று சொல்கிற வேலையில், அனுபவத்தில் இருந்தவர் பெயருக்கே பல இடங்களில் பட்டா ஏறியது. குறிப்புக் கட்டத்தில் இருந்த 'டி.சி.' என்ற இரண்டு எழுத்து புதுப் பதிவேட்டுக்கு வரவில்லை. அந்த இரண்டு எழுத்தைத் தேடுவதுதான் உங்கள் வேலையில் முக்கால்வாசி.

வீட்டிலிருந்து தொடங்குங்கள்

அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். முதலில் ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு ஊரில் வயதானவர்களிடம் உட்காருங்கள். நிலத்தை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், ஏரிக்கரைக் கொல்லையா, புளியமரத்து மேடா? நாலு பக்கமும் யார் நிலம்? தாத்தாவின் பெயர், அவருடைய அப்பா பெயர், கூப்பிடும் பெயர் வேறாக இருந்தால் அதுவும். பழைய பதிவேடுகளில் 'சின்னப்பயல் மகன் முனியன்' போலத்தான் எழுதியிருப்பார்கள், இன்றைய சான்றிதழில் இருக்கிற பெயரை அங்கே தேடினால் கிடைக்காது.

டிரங்குப் பெட்டி, மஞ்சப்பை, சாமி படத்துக்குப் பின்னால் என்று எல்லா இடத்திலும் பாருங்கள். கிஸ்தி ரசீது, அதாவது நிலவரி கட்டிய ரசீது, ஒன்று கிடைத்தால் போதும், அதில் பட்டா எண்ணும் பசலியும் இருக்கும். நான் உதவிக்குப் போன ஒரு வீட்டில் பாட்டி அரிசிப் பானைக்குள் வைத்திருந்த ரசீதைத்தான் முழு வழக்கும் பிடித்துக்கொண்டு நின்றது. அரசு நிலம் கொடுத்தபோது தந்த ஒப்படைப் பட்டாவே கையில் இருந்தால் நீங்கள் பாதிக் கிணறு தாண்டியவர். அதில் எழுதியிருக்கிற நிபந்தனை வாசகத்தை எழுத்து மாறாமல் படி எடுத்து வையுங்கள், காலத்துக்குக் காலம் வாசகம் மாறியிருக்கிறது.

பசலி என்பது வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கு. ஜூலை 1-இல் தொடங்கும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். பசலி 1320 என்றால் 1910. நான் முதன்முதலில் ஒரு ரசீதைப் பார்த்தபோது ஏதோ சோழர் காலத்து ஆவணம் கிடைத்துவிட்டது என்று அரை நாள் சந்தோஷமாக இருந்தேன்.

இன்றைய புல எண்ணைப் பிடியுங்கள்

நிலத்தை நேரில் அடையாளம் காட்டத் தெரிந்தவரோடு ஒரு முறை சாலையிலிருந்தே பார்த்துவிட்டு வாருங்கள். உள்ளே இறங்க வேண்டாம். பிறகு தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்து புல எண்ணைப் போட்டால் 'அ' பதிவேட்டு விவரம் வரும். ஊர் நிலங்களைப் புல எண் வாரியாக எழுதிய பதிவேடு அது. புல வரைபடமும் எடுக்கலாம். எண் தெரியாவிட்டால் வி.ஏ.ஓ.விடம் கிராம வரைபடத்தைக் காட்டச் சொல்லி, ஏரி, வாய்க்கால், சுடுகாடு இவற்றை வைத்துக் கணக்குப் போட்டுப் பிடித்துவிடலாம்.

'அ' பதிவேட்டில் மூன்று விஷயம் பாருங்கள். பழைய புல எண் என்ன, பட்டாதாரர் யார், கடைசியில் உள்ள குறிப்புக் கட்டத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா. பரப்பு ஹெக்டேரில் இருக்கும். 0.40.50 என்று இருந்தால் அது ஒரு ஏக்கர். குறிப்புக் கட்டம் காலியாக இருக்கிறதே என்று சோர்ந்து போக வேண்டாம், பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும்.

கிராமம் நகராட்சிக்குள்ளோ மாநகராட்சிக்குள்ளோ வந்துவிட்டால் இன்னொரு தலைவலி உண்டு. புல எண் போய் வார்டு, பிளாக், நகர நில அளவை எண் என்று மாறியிருக்கும். அப்போது நகர நில அளவைப் பதிவேட்டின் நகலும் வேண்டும்.

பழைய பதிவேடு: இங்கேதான் விஷயம் இருக்கிறது

யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேடுகள்தான் உங்களுக்கு உயிர். நிலத்தை அளந்து வரி போட்டபோது எழுதியவை இவை. செட்டில்மெண்ட் பதிவேடு, எஸ்.எல்.ஆர். (செட்டில்மெண்ட் நிலப் பதிவேடு), ரீசெட்டில்மெண்ட் பதிவேடு என்று கிராமத்துக்குக் கிராமம் பெயரும் ஆண்டும் மாறும். அவற்றில் உங்கள் பழைய புல எண்ணுக்கு நேரே 'டி.சி.' என்று இருந்தால் அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகல்தான் முதல் ஆவணம். பழைய எண் எப்படிப் புதிய எண்ணாக, உட்பிரிவாக மாறியது என்று காட்டும் பட்டியல் இரண்டாவது ஆவணம். அலுவலகத்தில் அதை கோரிலேஷன் என்பார்கள். யு.டி.ஆர். 'அ' பதிவேடு மூன்றாவது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால் சங்கிலி முழுசு. நடுவில் ஒரு கண்ணி இல்லையென்றாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேதான் கை வைப்பார்.

கேட்கும் வழி தகவல் உரிமைச் சட்டம். வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பிரிவு 6(1)-இன் கீழ் எழுதி 10 ரூபாய் கோர்ட் பீ வில்லை ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எதற்கு என்று காரணம் சொல்லத் தேவையில்லை, சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. 'எங்கள் ஊர் பஞ்சமி நில விவரம் அனைத்தும் தரவும்' என்று எழுதினால் 'விவரம் இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். குறிப்பாகக் கேளுங்கள்: இன்ன கிராமம், பழைய புல எண் இன்னது, செட்டில்மெண்ட் பதிவேட்டில் அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகல்; அதே எண்ணின் கோரிலேஷன் பக்கம்; யு.டி.ஆர். பதிவேட்டுப் பக்கம், பட்டா மாற்றம் செய்த ஒவ்வொரு உத்தரவின் எண்ணும் தேதியும். கூடவே, பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும் என்று ஒரு வரி. நேரில் பார்க்கும்போது உங்கள் எண் மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள எண்களும் கண்ணில் படும். ஒரு ஏக்கரைத் தேடிப் போய் நாற்பது ஏக்கரைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, மழுப்பலாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. தேதிகளை நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள்.

'பதிவேடு கரையான் அரித்துவிட்டது' என்ற பதிலை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தாலுகா அலுவலகத்தில் எங்களுக்கு அப்படித்தான் சொன்னார்கள். அதே பதிவேட்டின் இன்னொரு பிரதி மாவட்ட ஆட்சியர் அலுவலக ஆவண அறையில் தூசி தட்டக்கூட ஆளில்லாமல் இருந்தது. அங்கும் இல்லையென்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் விசாரியுங்கள். ஒரு பிரதி அழிந்தால் எல்லாம் அழிந்தது என்று அர்த்தமில்லை.

இன்னொரு நல்ல வாய்ப்பு ஜமாபந்தி. ஆண்டுக்கு ஒரு முறை, பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், கிராமக் கணக்குகள் எல்லாம் தாலுகா அலுவலகத்துக்கு வந்து ஒரே மேஜையில் இருக்கும். மற்ற நாட்களில் 'பீரோ சாவி இல்லை' என்பவர்கள் அன்றைக்கு அப்படிச் சொல்ல முடியாது.

எது பஞ்சமி அல்ல

ஆர்வத்தில் எல்லாவற்றையும் பஞ்சமி என்று எழுதிவிட்டால் நல்ல மனுவும் கெட்டுப்போகும். பூதான இயக்கத்தில் தானமாக வந்த நிலம் வேறு, அதற்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம். 1961 நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்து ஒப்படைத்த நிலம் வேறு. நிலமற்ற ஏழைகளுக்குப் பிற்காலத்தில் கொடுத்த நிபந்தனைப் பட்டாவும் வேறு. இவற்றிலும் விதிமீறல் இருந்தால் நடவடிக்கை உண்டு, ஆனால் போக வேண்டிய கதவு வேறு. ஜமீன், இனாம் கிராமமாக இருந்த ஊர் என்றால் பதிவேடுகளின் வரிசையே வேறுமாதிரி இருக்கும். அதை முதலிலேயே வி.ஏ.ஓ.விடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

யார் கைக்கு எப்படிப் போனது

சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். கணினியில் ஏறிய ஆண்டுகளை இணையத்திலேயே பார்க்கலாம், அதற்கு முந்தையதைக் கட்டணம் கட்டிக் கையால் தேடச் சொல்ல வேண்டும். முதன்முதலில் பட்டியலினம் அல்லாதவர் பெயருக்குப் போன கிரயப் பத்திரம் எது என்று கண்டுபிடித்து அதன் நகலை எடுங்கள். அதற்குப் பின்னால் ஆறு முறை கைமாறியிருந்தாலும் பரவாயில்லை, முதல் கைமாற்றம்தான் நிபந்தனையை உடைத்த இடம்.

மனு எழுதுவது

கதையாக எழுதாதீர்கள். ஒன்றரைப் பக்கம் போதும். முதல் பத்தியில் நிலத்தின் அடையாளம். இரண்டாவதில் பழைய பதிவேட்டில் டி.சி. என்று உள்ள பக்கம், எண், ஆண்டு. மூன்றாவதில் பழைய எண் இன்றைய எண்ணான விதம். நான்காவதில் நிபந்தனை மீறிய பத்திரத்தின் எண், தேதி. கடைசியில் கோரிக்கைகள். அவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள்: நிலம் டி.சி. நிபந்தனைக்கு உட்பட்டது என்று விசாரித்து உறுதி செய்ய வேண்டும். நிபந்தனைக்கு மாறான பட்டாக்களை ரத்து செய்து பதிவேட்டில் டி.சி. குறிப்பை மீண்டும் ஏற்ற வேண்டும். நிலத்தை அரசு மீட்க வேண்டும். மூல ஒப்படைதாரரின், அதாவது அரசிடம் முதலில் நிலம் பெற்றவரின், வாரிசுகளுக்கோ, அவர்கள் இல்லாவிட்டால் ஊரின் நிலமற்ற பட்டியலினக் குடும்பங்களுக்கோ மறு ஒப்படை செய்ய வேண்டும். விசாரணை முடியும் வரை பத்திரப் பதிவு நடக்காமல் சார்பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மாவட்ட ஆட்சியருக்கு முகவரியிட்டு, மாவட்ட வருவாய் அலுவலர், கோட்டாட்சியர், வட்டாட்சியர், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலர் ஆகியோருக்கு நகல் கொடுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் நேரில் கொடுத்து மனு எண் வாங்காமல் வெளியே வராதீர்கள். தனியாகப் போக வேண்டாம். ஒரே ஒருவர் கையெழுத்துப் போட்டால் அவர் வீட்டுக் கதவைத்தான் ராத்திரி தட்டுவார்கள். பத்துக் குடும்பம் சேர்ந்து போட்டால் அந்தத் தைரியம் யாருக்கும் வராது.

மனுப் போட்ட பிறகு

விசாரணை அழைப்பு வரும். எதிர்த்தரப்புக்கும் கட்டாயம் நோட்டீஸ் போக வேண்டும், இதில் நீங்களே குறியாக இருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வழக்கில் அதிகாரி அவசரப்பட்டு ஒரே வாரத்தில் பட்டாவை ரத்து செய்தார், ஊரில் பட்டாசு வெடித்தார்கள். நோட்டீஸ் இல்லாமல் போட்ட உத்தரவு என்று உயர் நீதிமன்றத்தில் அது தூக்கியெறியப்பட்டது. மறுபடி முதலிலிருந்து.

எதிர்த்தரப்பு சொல்லும் வாதம் பெரும்பாலும் ஒன்றுதான்: 'இத்தனை வருஷமாக அனுபவிக்கிறேன், பத்திரம் இருக்கிறது, பட்டா இருக்கிறது.' இதற்கு வக்கீல்கள் பிடித்து வந்த ஆயுதம் 1895-ஆம் ஆண்டு அரசு மானியங்கள் சட்டம். அரசு நிபந்தனை போட்டுக் கொடுத்த நிலத்தில் அந்த நிபந்தனையே செல்லும் என்று சொன்ன சட்டம் அது, பின்னர் அது நீக்கப்பட்டுவிட்டது. பட்டா என்பது வருவாய்ப் பதிவு மட்டும்தான், செல்லாத கிரயத்தை அது செல்லுபடியாக்காது.

வட்டாட்சியர் உத்தரவு பாதகமாக வந்தால் 1983 பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, பிறகு மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. மனுவைக் கிணற்றில் போட்ட கல்லாக வைத்திருந்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் முடிவெடுக்க உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்று நிற்க வேண்டாம். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் பட்டியலினத்தவருக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச வக்கீல் உண்டு, மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். 'இது என் நிலம்' என்று சிவில் கோர்ட்டில் வழக்குப் போடுவதைக் கடைசியாக வையுங்கள் என்பது என் கருத்து. கால வரம்பில் சிக்கித் தோற்றால் வருவாய்த் துறை அந்தத் தீர்ப்பைக் காட்டியே கை விரித்துவிடும்.

மிரட்டினாலோ, பொய் ஆவணம் செய்து நிலத்தைப் பிடுங்கியிருந்தாலோ வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)(எஃப்), 3(1)(ஜி) இரண்டும் இதற்கென்றே இருக்கின்றன. தேசிய, மாநில ஆதிதிராவிடர் ஆணையங்களுக்கும் எழுதலாம். அங்கிருந்து ஒரு நோட்டீஸ் வந்தால் கலெக்டர் ஆபீஸில் கோப்பு நகரும்.

வேலியைப் பிடுங்குவது, திடுதிப்பென்று ஏர் ஓட்டுவது எல்லாம் வேண்டாம். அடுத்த நாளே உங்கள் பையன்கள் மேல் வழக்கு வரும், நில விஷயம் பின்னால் போய்விடும். செங்கல்பட்டு பக்கம் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு இளைஞர்கள் உயிரை விட்டார்கள். பஞ்சமி என்ற சொல்லைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்க வைத்தது அந்த இரண்டு உயிர்கள்தான்.

அரசு சொல்லும் எண்ணிக்கையைப் படிக்கும் முறை

இதையும் தெரிந்துகொள்ளுங்கள், மேடையில் ஏமாறாமல் இருக்கலாம். 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் என்று எல்லோரும் சொல்வது சென்னை மாகாணக் கணக்கு. அந்த மாகாணத்தில் ஆந்திரத்தின் ஒரு பகுதி, மலபார், தென் கன்னடம் எல்லாம் இருந்தன. அந்த எண்ணை இன்றைய தமிழ்நாட்டோடு நேராக வைத்து ஒப்பிட முடியாது.

அரசுத் தரப்பில் 'இத்தனை ஏக்கர்' என்றால் எந்த இத்தனை என்று கேளுங்கள். அடையாளம் காணப்பட்டதா? பட்டா ரத்தானதா? அரசு சுவாதீனம் எடுத்ததா? குடும்பத்தின் கையில் ஒப்படைக்கப்பட்டதா? நாலும் நாலு எண். முதலாவது பெரிதாகவும் கடைசி சின்னதாகவும் இருக்கும். உங்கள் தாலுகாவுக்கு இந்த நாலையும் தனித்தனியாகத் தகவல் உரிமையில் கேட்டால் முன்னேற்றம் எவ்வளவு என்பது அரை பக்கத்தில் தெரிந்துவிடும்.

2011 தொடக்கத்தில் ஓய்வுபெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அந்த வருஷமே ஆட்சி மாறியது, குழுவின் பேச்சும் அடங்கிப்போனது. குழு வருவதும் போவதும் ஒரு பக்கம். ஒப்படைத்த நிலத்தைக் கைமாற்றினால் மீட்டுத் தருவதற்கென்றே கர்நாடகத்தில் 1978-இலும் ஆந்திரத்தில் 1977-இலும் தனிச் சட்டம் வந்தது. கர்நாடகச் சட்டம் செல்லும் என்று 1984-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நம்மிடம் இன்னும் வருவாய்த் துறையின் நிலையாணையும் அரசாணையும்தான். அதனால்தான் ஒவ்வொரு ஏக்கருக்கும் ஒவ்வொரு பேரன் தனியாகச் சங்கிலி கோக்க வேண்டியிருக்கிறது.

மீட்பு உத்தரவு வந்துவிட்டால் அன்றைக்கே அடுத்த மனுவை எழுதுங்கள். மீட்ட நிலம் முதலில் அரசின் பெயருக்குத்தான் போகும், தானாக உங்கள் பெயருக்கு வராது. வாரிசுச் சான்று, சாதிச் சான்று, குடும்ப அட்டை நகல், மூல ஒப்படைதாரரோடு உறவைக் காட்டும் வம்சாவளி விவரம் வைத்து மறு ஒப்படை கேட்க வேண்டும். அளந்து கல் நடும் நாளில் எல்லாக் குடும்பத்திலிருந்தும் ஒருவராவது நிலத்தில் இருங்கள், சர்வேயர் எழுதும் மகஜரில் கையெழுத்துப் போட்டுவிட்டு அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து இணையத்தில் அதே புல எண்ணைப் போட்டு, குறிப்புக் கட்டத்தில் 'டி.சி.' ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் எங்கே என்று உங்களுக்கு இப்போது தெரியும்.